34 பேரும் இட்லி: ஆங்கில வகுப்பில் பிள்ளைகளைப் பேச வைப்பது பற்றி

மலைப்பள்ளி டீச்சர் | ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் ஆங்கிலம் எடுக்கிறேன். பத்தியை மனப்பாடம் செய்து எழுதச் சொன்னால் என் பிள்ளைகள் கமா, முற்றுப்புள்ளி உட்பட எழுதிவிடுவார்கள். வாயைத் திறப்பதுதான் நடக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் 34 பேர். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். முதல் பெஞ்சில் ஒரு பெண் "ஐ ஏட் இட்லி" என்றாள். அதற்கப்புறம் கடைசி பெஞ்சு வரைக்கும் இட்லிதான். பாதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அம்மாக்கள் விடிந்ததும் இலை பறிக்கக் கிளம்பியாக வேண்டும். அத்தனை வீட்டிலும் அன்றைக்கு இட்லி வெந்திருக்க வாய்ப்பே இல்லை.

மணி அடித்த பிறகு ஒருவன் மேஜையோரம் வந்து நின்றான். "டீச்சர், வர்க்கிக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்றான். டீயும், எங்கள் ஊர் அடுக்கு பிஸ்கட்டான வர்க்கியும் சாப்பிட்டிருக்கிறான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால் இட்லிக்கு மாறிவிட்டான்.

அன்றிலிருந்து மண்டைக் குடைச்சல். வகுப்பில் தமிழ், படுகு, இருளர் மொழி, மலையாளம், கன்னடம் எல்லாம் இருக்கின்றன. தோட்ட வேலைக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் வேறு. பீரியட் 45 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம் பேச விட்டாலே முக்கால்வாசி போய்விடும். நீங்களெல்லாம் என்ன செய்கிறீர்கள்?


குன்னூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9.48

முதலில் இலக்கணம் மேடம். ஏட் எது, ஈட் எது என்று தெரியாத பிள்ளை என்ன பேசும்? அஸ்திவாரம் போடாமல் கூரை வேய முடியாது.


மலைப்பள்ளி டீச்சர் | ஞாயிறு, இரவு 10.02

அதுதான் சார் பிரச்சினை. "ஐ ஏட் இட்லி"யில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. 34 பேரும் சரியாகச் சொன்னார்கள். பொய் சொன்னார்கள், அவ்வளவுதான்.


பந்தலூர் பி.எட். | திங்கள், காலை 6.15

டீச்சர், ஒரு சின்ன சோதனை. நாளைக்கு ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கண்டுபிடித்தது இது. கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளைக்குத் தாவுகிறார், இல்லையென்றால் தானே சொல்லிவிடுகிறார். மூன்று விநாடி பொறுத்தாலே பதில் நீள்கிறது, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசுகிறார்கள்.

அது அறிவியல் வகுப்பில், தாய்மொழியில் பேசுகிற பிள்ளைகளிடம். என் வகுப்பில் பணியர் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது மலையாளத்துக்கு நெருக்கமான ஒரு மொழி. பள்ளிக்கு வந்து தமிழ் கற்றார்கள், அதற்கு மேல் ஆங்கிலம். நான் கேட்டது அவர்களுக்குள் இரண்டு மொழி தாண்டிப் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். மூன்று விநாடி எப்படிப் போதும்? நான் பத்து வரை எண்ணுகிறேன். முதல் வாரம் அந்த அமைதியைத் தாங்குவது பெரிய பாடு. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்று, "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். அதற்கும் 34 பேரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்.


பழைய சாக்பீஸ் | திங்கள், காலை 11.30

நான் பணி ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. ஒரு கிழவனின் குரலும் இருக்கட்டும்.

எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர் 'மெட்ராஸ் ஸ்னோபால்' காலத்தில் பயிற்சி பெற்றவர். இப்போது உள்ளவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்காது. 1960ஐ ஒட்டி, அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்கநிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்கு மறுபயிற்சி கொடுக்கக் கிளம்பினார்கள். ஒரு சிலருக்குப் பயிற்சி, அவர்கள் போய் மற்றவர்களுக்குப் பயிற்சி, உருட்ட உருட்டப் பெருக்கும் பனிப்பந்து போல. பலகையில் ஒரு கட்டம் போடுவார்கள். முதல் வரிசையில் நான், அவன், அவர்கள். இரண்டாவதில் வினை. மூன்றாவதில் பொருள். எதை எடுத்துக் கோத்தாலும் சரியான வாக்கியம் வரும். வகுப்பு மொத்தமும் கோரஸாகச் சொல்லும்.

இன்றைக்கு அதைக் கிண்டல் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்து கூச்சப்படுகிற பிள்ளைக்குக் கோரஸ் ஒரு போர்வை. தனியாகச் சொன்னால் சிரிப்பார்கள், கூட்டத்தோடு சொன்னால் யாருக்கும் தெரியாது. நாக்கு பழகிவிடும். தினம் ஐந்து நிமிடம் கோரஸ் வையுங்கள் அம்மா, தப்பில்லை.


கொடைக்கானல் மேடு | திங்கள், மாலை 5.20

ஐயா சொல்லும் கட்டத்தில் நானும் படித்தவன்தான், அதனால் மரியாதையோடு மறுக்கிறேன். நாக்கு பழகும், சரி. டீச்சர் வகுப்பில் நாக்கா பிரச்சினை? கோரஸில் பழகிய வகுப்புதான் இட்லியையும் கோரஸாகச் சொல்லியிருக்கிறது.

இதே கட்ட முறையில் அலுத்துப்போய்த்தான் என்.எஸ். பிரபு என்பவர் 1979இல் ஒரு முயற்சியைத் தொடங்கினார். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். பெங்களூர் திட்டம் என்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது, ஆனால் சென்னையிலும் கடலூரிலும்கூடச் சாதாரணப் பள்ளிகளில் நடந்தது. 1984 வரை ஓடியது. மொழியைப் பாடமாக வைக்காமல் ஒரு கணக்கை, ஒரு புதிரைக் கொடுத்தார்கள். ரயில் கால அட்டவணையைக் கொடுத்து, இன்ன ஊருக்கு இத்தனை மணிக்குள் போக எந்த வண்டி பிடிக்க வேண்டும் என்று கேட்பது மாதிரி. பிள்ளையின் கவனம் விடையில் இருக்கும், மொழி பின்னாலேயே வந்து சேரும் என்பது அவர் எண்ணம்.

உங்களிடம் மலை ரயில் இருக்கிறதே. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். இரண்டு அட்டை செய்யுங்கள். ஒன்றில் கல்லார், ஹில்குரோவ், காட்டேரி ரோடு, வெலிங்டன் இருக்கட்டும், நடுவில் உள்ளவை காலி. இன்னொன்றில் அடர்லி, ரன்னிமேடு, குன்னூர், அரவங்காடு. இரண்டு பிள்ளைகள், ஒருவர் அட்டையை மற்றவர் பார்க்கக் கூடாது. கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். 17 ஜோடி ஒரே நேரத்தில் பேசும். ஆளுக்கு ஒரு நிமிடம் என்ற உங்கள் கணக்கே மாறிவிடும்.


பந்தலூர் பி.எட். | திங்கள், மாலை 6.05

சார், ஒரு திருத்தம். பிரபு ஜோடி வேலையை விரும்பியவர் இல்லை. பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பேசினால் அரைகுறை ஆங்கிலம் அப்படியே கெட்டிப்பட்டுவிடும் என்று நினைத்தார். ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு புதிரைப் போட்டுக் காட்டுவார், அப்புறம் அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளை தனியாகச் செய்ய வேண்டும். அதுதான் அவர் முறை.


கொடைக்கானல் மேடு | திங்கள், மாலை 6.20

ஒப்புக்கொள்கிறேன். புதிர் பிரபுவுடையது, ஜோடி சேர்த்தது என் கைவரிசை. 34 பேரை வைத்துக்கொண்டு வேறு என்ன செய்ய?


ஒலிப் பைத்தியம் | திங்கள், இரவு 8.44

எல்லோரும் வாக்கியத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஒலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் குண்டூசியும் பின், குப்பைத்தொட்டியும் பின். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்னால் இங்கே வித்தியாசப்படுத்திக் காட்டக்கூட முடியவில்லை பாருங்கள். தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இந்த வேறுபாடு பொருளை மாற்றாது. அதனால் தமிழ்க் காது அதைக் கண்டுகொள்வதில்லை. நோட்டிலிருந்து விரல் நீளத் தாளைக் கிழித்து உதட்டுக்கு முன்னால் தொங்கவிடச் சொல்லுங்கள். குண்டூசிப் பின் சொன்னால் தாள் ஆட வேண்டும். குப்பைத்தொட்டிப் பின்னுக்கு ஆடக் கூடாது. கிழிந்த தாளைப் பொறுக்க மட்டும் ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இதில் உங்கள் வகுப்புக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. படுகு மொழி கன்னடத்தோடு உறவுடையது. அதில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு ஒலியும் தனித்தனியாக நிற்கும். படுகர் என்று நாம் எழுதும் பெயரையே அவர்கள் 'பஸ்'ஸில் வரும் அதிர்வோடுதான் சொல்வார்கள், 'பழ'த்தில் வருவது போல இல்லை. ஆகவே அந்தப் பிள்ளைகளை முன்னால் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். யாராவது தோடர் பிள்ளை இருந்தால் இன்னும் விசேஷம். 'திங்க்' என்ற ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில், நுனிநாக்குப் பல்லிடையில் நிற்க, காற்று சீறி வருகிறதே, நாமெல்லாம் வெறும் 'த' போட்டுச் சமாளிப்பது, அந்த ஒலி தோடா மொழியில் இயல்பாகவே உண்டு. 1930களில் எமனோ என்ற மொழியியலாளர் இங்கே வந்து தோடாவையும் கோத்தர் மொழியையும் உட்கார்ந்து எழுதியதே இப்படிப்பட்ட செல்வங்களுக்காகத்தான். வகுப்பில் பின்தங்கியவன் என்று பெயர் வாங்கிய பிள்ளை ஒரு நாள் உச்சரிப்பு வாத்தியாராக நிற்கட்டுமே.

மற்றபடி அமெரிக்கக்காரன் மாதிரி பேச வைக்க வேண்டாம். அழுத்தம் மட்டும் பாருங்கள். ஹோட்டலை நாம் முதல் அசையில் அழுத்துகிறோம், ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாவதில். பொட்டேட்டோவுக்கு நடுவில். வெஜிடபிள் என்று நாலு அசையாக நாம் சொல்வது அவர்கள் வாயில் மூன்றுதான், நடுவில் ஒன்றை விழுங்கிவிடுவார்கள். கேத்தி கேரட் விற்கிற ஊரில் இந்த மூன்று சொல்லில் தொடங்கினால் போதாதா? அப்புறம் பஸ்ஸு, காரு, பேக்கு என்று கடைசியில் ஒட்டுகிற உகரம். அது நம் ரத்தத்தில் ஊறியது, மெதுவாகத்தான் போகும்.


குன்னூர்க்காரன் | திங்கள், இரவு 9.15

தாளை ஆட்டி இங்கிலீஷ் பேச வைப்பதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்.


சேரிங் கிராஸ் டாக்ஸி | செவ்வாய், காலை 5.50

டீச்சருக்கு வணக்கம். நான் வாத்தியார் இல்லை, ஊட்டியில் டாக்ஸி ஓட்டுகிறேன். பத்தாவதில் ஆங்கிலத்தில் 36. இன்றைக்கு வெளிநாட்டுக்காரர்கள், வடநாட்டுக்காரர்கள் எல்லோரையும் நாள் முழுக்க ஆங்கிலத்தில்தான் சமாளிக்கிறேன்.

எனக்குப் பள்ளியில் ஒரு விஷயம் மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. புரியாவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது. வகுப்பில் புரியாவிட்டால் தலையைக் குனிந்துகொள்வோம். வண்டியில் தலையைக் குனிய முடியுமா? முதல் வருடம் எல்லாவற்றுக்கும் "யெஸ் சார்" போட்டு, பைக்காரா கேட்டவரைத் தொட்டபெட்டாவில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். அப்புறம் ஒரு பெரியவர், இன்னொரு டிரைவர்தான், நாலு சொல் சொல்லிக்கொடுத்தார். "சாரி சார், ஒன்ஸ் மோர்." "ஸ்லோலி ப்ளீஸ்." "யூ மீன் பைக்காரா?" "ஹவ் டு சே..." இந்த நாலை வைத்துத்தான் மீதி எல்லாம் கற்றேன். கேட்கத் தெரிந்தவனுக்கு மக்கள் நின்று சொல்லித்தருகிறார்கள் டீச்சர். வர்க்கிக்கு என்ன சொல்வது என்று உங்களிடம் வந்து கேட்டானே, அந்தப் பையன் கூச்சமில்லாமல் அதையே ஆங்கிலத்தில் கேட்கிற மாதிரி செய்துவிடுங்கள்.

வர்க்கிக்கு ஆங்கிலத்திலும் வர்க்கிதான். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதும் அதே பெயரில்தான். "லோக்கல் பிஸ்கட், மெனி லேயர்ஸ், வித் டீ" என்று சொல்வேன், உடனே வண்டியை நிறுத்தி வாங்குவார்கள்.


மலைப்பள்ளி டீச்சர் | செவ்வாய், இரவு 9.30

டாக்ஸி அண்ணா, உங்கள் நாலு சொல்லையும் இன்றைக்கே சார்ட்டில் எழுதிப் பலகைக்கு மேலே ஒட்டிவிட்டேன்.


ஏழாம் வகுப்பு அப்பா | புதன், மதியம் 1.10

பெற்றோர் பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள். மகன் நோட்டைப் பார்த்தால் ஒரு வாரமாக ஒன்றும் எழுதவில்லை. கேட்டால் "பேசினோம்" என்கிறான். பரீட்சையில் பேச்சுக்கா மார்க் போடுகிறார்கள்? பயந்துபோய்ப் போன வருடம் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் காசு கட்டிச் சேர்த்தேன். மூன்று மாதத்தில் "மைசெல்ஃப்" என்று தொடங்கி ஆறு வரி சொல்லக் கற்றான். ஏழாவது வரி கேட்டால் திரும்ப முதல் வரிக்கு வந்துவிடுகிறான்.


பந்தலூர் பி.எட். | புதன், மாலை 4.50

அப்பா கேட்பது நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு உள்ள 100 மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்குத்தான். அதனால் ஒன்பதாவது தாண்டினாலே பேச்சு காணாமல் போய்விடுகிறது. ஆனால் ஏழாம் வகுப்பில் வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது வகுப்பிலேயே அவ்வப்போது பார்த்துப் போடுகிற மதிப்பெண்ணுக்கு, 40 இருக்கிறது, அதில் ஒரு பங்கைப் பேச்சுக்குத் தாராளமாக ஒதுக்கலாம். பேசி முடித்ததும் அதையே மூன்று வரி நோட்டில் எழுத வையுங்கள் டீச்சர். வீட்டுக்கும் சமாதானம், உங்களுக்கும் ஒரு பதிவு.


கொடைக்கானல் மேடு | புதன், இரவு 7.35

தமிழே பேசக் கூடாது என்று மட்டும் யாரும் தொடங்கிவிடாதீர்கள். நான் படித்த பள்ளியில் தமிழில் ஒரு வார்த்தைக்குப் பத்து பைசா அபராதம். ஆங்கிலம் வளரவில்லை. பைசா இல்லாத நாங்கள் நாலு பேர் இடைவேளையில் வாயே திறக்காமல் கோலி விளையாடினோம். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பள்ளி வாசலைத் தாண்டும்போது எரிச்சல் வருகிறது.


பழைய சாக்பீஸ் | புதன், இரவு 8.10

அபராதம் வாங்கியவர்களில் நானும் ஒருவன், வசூலித்தவர்களிலும் ஒருவன். அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.


மலைப்பள்ளி டீச்சர் | மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 4.00

என்ன ஆயிற்று என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நடந்தது, கொஞ்சம் சொதப்பியது.

மலை ரயில் அட்டை முதல் நாள் படுதோல்வி. அட்டையை எட்டிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் நிரப்பிவிட்டார்கள். இரண்டாம் நாள் முதுகோடு முதுகு உட்கார வைத்தேன். சத்தம் கூரையைத் தூக்கியது, பக்கத்து வகுப்பு கணக்கு சார் வாசலில் வந்து நின்றார். ஆனாலும் ரன்னிமேட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் எது என்பது யாருக்குமே அவசரமான சந்தேகம் இல்லை. நான் கேட்டதற்காகக் கேட்டார்கள்.

தாள் சோதனை நன்றாகவே போனது. படுகர் பிள்ளைகள் ஆறு பேர் அன்றைக்கு நீதிபதிகள். தமிழில் முதல் மார்க் வாங்குகிறவள் மூன்று தடவை தோற்றாள். ஜார்க்கண்ட் பையனுக்கு முதல் தடவையே வந்துவிட்டது. இந்தியில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்தே இருக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. வகுப்பில் அவனுக்கு முதல் கைதட்டல் அதுதான்.

போன வாரம் வேறொன்று செய்தேன். ஆண்டு விழா ஒத்திகையை மாலையில் எத்தனை மணி வரை வைப்பது என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. அதை அப்படியே ஏழாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன். உன் ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணி, இறங்கிய பிறகு எவ்வளவு நேரம் நடை, ஒருவரையும் விடாமல் எல்லோரிடமும் ஆங்கிலத்தில் கேட்டு, எல்லோருக்கும் தோதான நேரத்தை நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். விடை எனக்கே தெரியாது. அவர்களுக்கும் தெரியாது. இந்தத் தடவை யாரும் மற்றவர் பதிலைத் திருப்பிச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது, ஒவ்வொரு ஹட்டிக்கும் (படுகர் ஊர்) ஒவ்வொரு எஸ்டேட் லைனுக்கும் வேறு வேறு பஸ். "ஒன்ஸ் மோர்" மட்டும் நூறு தடவையாவது காதில் விழுந்திருக்கும்.

ஐந்து மணி என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அப்போது மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். ஜூனிலிருந்து அவள் குரலை நான் கேட்டதில்லை. "நோ மேடம். ஃபைவ் நோ. பஸ் நோ. வாக் டூ கிலோமீட்டர். மிஸ்ட். பைசன் கமிங்." மூடுபனி, காட்டெருமை. நான் எதுவும் சொல்லாமல் மனதுக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். ஆறு வந்தபோது பின்னாலிருந்து ஒருவன் கேட்டான், "ஹவ் மெனி பைசன்?" அவள் யோசித்து, "மார்னிங் டூ. ஈவினிங் மெனி," என்றாள். இதுவரை அவள் மாலை ஒத்திகை எதற்கும் நிற்காததை நாங்கள் ஆர்வமில்லை என்று எழுதி வைத்திருந்தோம்.

ஒத்திகை இப்போது மதிய உணவு இடைவேளையில்.


குன்னூர்க்காரன் | சனி, மாலை 4.25

மகிழ்ச்சி மேடம். ஆனால் "பைசன் கமிங்" தப்பு. நடுவில் ஆர் வேண்டும். ஐந்து மணியையும் அப்படிச் சொல்லக் கூடாது.


மலைப்பள்ளி டீச்சர் | சனி, மாலை 4.40

தெரியும் சார். திங்கட்கிழமை அந்த வாக்கியத்தைத்தான் பலகையில் எழுதப்போகிறேன். அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள். சாக்பீஸ் ஐயாவின் கட்டத்திலேயே போடுகிறேன், முதல் வரிசையில் பைசன், பஸ், மிஸ்ட்.


சேரிங் கிராஸ் டாக்ஸி | சனி, இரவு 10.15

மூன்றாவது வரிசையில் வர்க்கிக்கும் ஓர் இடம் விடுங்கள் டீச்சர்.